காலியாக இருந்த பன்றிக் கொட்டகை

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். செக்கப்புக்குப் போனபோது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, "அங்க பன்னிப் பண்ணை இருக்குதில்ல? பன்னியக் கடிச்ச கொசுவால மூளைக்காய்ச்சல் வரலாம். கொழந்தைய பத்திரமா பாத்துக்கங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

பண்ணை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொட்டகை கழுவிய தண்ணீர் எங்கள் வாசல் சாக்கடையில்தான் வந்து தேங்கும். ஆம்பூரில் தோல் நாற்றத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். நாற்றத்துக்கெல்லாம் இங்கே யாரும் மனு எழுதுவதில்லை. நான் நகராட்சிக்கு எழுதியது கொசுவுக்காக.

கையெழுத்து கேட்டு வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு பாயின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க போட்டா இது வேற மாதிரி ஆயிடும்க்கா. கொசுவ விட்டுட்டு எங்க மூஞ்சியதான் பாப்பாங்க." அது உண்மை என்பதால் நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்களுக்குப் பண்ணைக்காரரிடம் பயம். "நீ போடும்மா, நாங்க பின்னாடி இருக்கோம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எவ்ளோ பின்னாடி?"

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். மனுவில் என் கையெழுத்து மட்டும் இருந்தது.

சுகாதார ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் மாலை, கொல்லையில் துணி எடுக்கும்போது சுவருக்கு அப்பால் உறுமல் கேட்டது. அந்தப் பக்கம் பல வருடங்களாக மூடிக்கிடக்கும் டேனரி, தோல் பதனிடும் இடம். துவைக்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஆட்கள் பன்றிகளை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் வரும் செய்தி எப்படியோ பண்ணைக்காரருக்கு எட்டியிருந்தது. நான் தலையை இழுத்துக்கொள்வதற்குள், ஆட்களோடு நின்ற அவர் என்னைப் பார்த்துவிட்டார். மகள் படுக்கும் அறை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

மறுநாள் காலை ஆய்வாளர் கொட்டகைக்குள் நின்றார். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர்.

"பன்னியே இல்லியேம்மா."

"வித்துட்டேன் சார்" என்றார் பண்ணைக்காரர். "அக்காவுக்குத் தெரியும். கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டேனரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவரை ஒட்டிய மகளின் அறைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த நேரத்துக்குத்தான் பன்றிகளுக்குப் பிரியாணிக் கடை மிச்சத்தை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ வரும். அது எனக்குத் தெரியும்.

"ஒரு டீ சாப்ட்டுப் போங்க சார்."

"வேணாம்மா, இன்னும் நாலு எடம் போவணும்."

"வெயில்ல வந்திருக்கீங்க."

"சார் போவட்டும்க்கா, பேஜார் பண்ணாதீங்க" என்றார் பண்ணைக்காரர். அவர் அப்படி அவசரப்பட்டதாலோ என்னவோ, ஆய்வாளர் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். எவ்வளவு மெதுவாக டீ போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டேன்.

அவர் டம்ளரை வாயில் வைக்கும்போது ஆட்டோ வந்தது. பன்றிகளை இடம் மாற்றியதை டிரைவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வழக்கம்போல ஹாரனை நீளமாக அழுத்தினார். மூடிய டேனரிக்குள்ளிருந்து பசித்த பன்றிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின.

ஆய்வாளர் டம்ளரைக் கீழே வைத்தார். "வித்துட்டேன்னியே?"

"வாங்கினவன் இன்னும் எடுத்துனு போவல சார்."

வீடுகளுக்கு அருகில் பன்றி வைக்கக் கூடாது என்று அங்கேயே நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் கிளம்பினார். அவர் வண்டி திரும்பிய பிறகுதான் தெருவில் கதவுகள் திறந்தன.

அன்று மாலை பண்ணைக்காரர் எங்கள் கேட்டருகே நின்றார். மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "டெலிவரி எப்பக்கா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

"இன்னும் நாள் இருக்கு."

"நல்லபடியா ஆவட்டும். கொழந்த இங்கதான இருக்கும்?"

அது வெறும் விசாரிப்பாகவும் இருக்கலாம். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. விடிந்ததும் கார் பிடித்து மகளை நெமிலியில் அவள் மாமியார் வீட்டில் விட்டேன். "தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ண யாராச்சும் திருப்பிக் கொண்டாந்து வுடுவாங்களா?" என்றார் சம்பந்தியம்மா. கொசு ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரத்திலேயே பன்றிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாக்கடையும் காய்ந்தது. பண்ணைக்காரர் மட்டும் இன்றும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போய் வருகிறார். பேரன் பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டான். "எப்பம்மா வரட்டும்?" என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம், நானே அங்கே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.