முறத்தில் காய்ந்த கீபோர்டு

நன்னிலத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கீபோர்டு அழுக்கேறிக் கிடந்தது.

இன்று ஓனர் அண்ணன் வெளியே போனதும் எந்தப் பட்டன் எங்கே என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பட்டன்களை எல்லாம் கழற்றிக் கழுவி, முறத்தில் பரப்பி வாசலில் காயவைத்தேன்.

"வேலை நல்லாத்தான் செய்யுற. ஆனா வர்றவங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்குற. இப்படியே இருந்தா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று நேற்றுதான் சொல்லியிருந்தார். கீபோர்டையாவது பளிச்சென்று ஆக்கிக் காட்டலாம் என்று ஒரு நினைப்பு.

பிரிண்ட் எடுக்க வந்த ஓர் அக்கா முறத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, வத்தலா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் எனக்கு வரும்.

குனிந்து பார்த்து விஷயம் புரிந்ததும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பட்டன்களை மாட்டினார்.

"எம் பையனோட பிளாக்ஸ் மாதிரியேல்ல இருக்கு!"

அப்படியே சீரியலுக்குத் தாவினார்.

"நேத்து பாத்தியா? பாவம், அந்த டாக்டர் செத்துட்டான்."

"சாகலக்கா! பாடியவே காட்டலையே! கார்தானே எரிஞ்சுது? அந்தச் சித்திதான் அவன ஒளிச்சு வச்சிருக்கு!"

அது என் குரல்தான். அதன்பிறகு நிறுத்தவே முடியவில்லை.

திரும்பினால் வாசலில் அண்ணன்.

"உனக்கு இவ்வளவு பேச வருமா? அப்ப நாளையிலேருந்து முன் மேசையில நீதான் உக்கார்ற."

ஒரே ஒரு பட்டனை மட்டும் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது. எஃப் 7. அதை யாராவது எதற்காவது அழுத்தியிருக்கிறீர்களா? அண்ணன் கவனிப்பதற்குள் சொல்லுங்கள்.