ஆயில் குறையாத பத்து நாட்கள்

எங்கள் பிக்கப் வண்டி ஆயில் குடிக்கிறது என்று முதலில் சொன்னவர் அத்தான்தான். என் அக்காவின் கணவர். தில்லி முனீர்க்காவில் என் வீட்டு மாடி அறையில் இருந்தார். காய்கறி மண்டியிலிருந்து வாழை இலை, தேங்காய், முருங்கைக்காய் ஏற்றி ஆர்.கே.புரம், கிட்வாய் நகர், துவாரகா என்று தமிழ்க் கடைகளில் இறக்குவது எங்கள் தொழில். வண்டி என் பெயரில் இருந்தது. ஓட்டியது அவர். நான் போனில் பேசுவேன், கடைக்காரர்களோடு சண்டை போடுவேன். சண்டை எனக்கு நன்றாக வரும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் கேன் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தக் குளிர்காலத்தில் பத்து நாளைக்கு ஒன்று கேட்க ஆரம்பித்தார்.

"வயசாயிட்டுல்லா மாப்ள. கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு எதையும் "கொஞ்சம்" என்று விட்டுப் பழக்கமில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் மாயாபுரியில், வழக்கமாகப் போகும் மெக்கானிக் மிஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்தார். எங்கும் கசிவு இல்லை. அன்று ராத்திரி வண்டிக்கடியில் ஒரு அட்டையை விரித்து வைக்கச் சொன்னார். காலையில் அட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியென்றால் ஆயில் உள்ளேயே எரிய வேண்டும். எரிந்தால் நீலப் புகை வர வேண்டும். ஆனால் ஜனவரி மூடுபனியில் தில்லியின் எல்லா வண்டிகளும்தான் வெள்ளையாகப் புகைவிடுகின்றன. அதில் நீலத்தை எங்கே தேடுவது?

"அளந்து பார் பையா" என்றார் மிஸ்திரி. கோடு வரை ஆயிலை நிரப்ப வேண்டும். பத்து நாளைக்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. தினமும் காலையில் கிளப்புவதற்கு முன், சமதரையில் வைத்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்று சொல்லிவிடலாம்.

நான் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டேன். "குடிக்குதுன்னு தெரிஞ்சா நேரா காயலான் கடைதான் அத்தான். பழைய வண்டின்னு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இந்த ஊர்ல ஓட விடுவான். அதுக்கு எஞ்சின் வேலை பாக்க எனக்கென்ன கிறுக்கா?"

அத்தான் வண்டிக்குள் ஏறி முன்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்ன முருகன் படம் ஒட்டியிருக்கும். வண்டி வந்த அன்று அக்கா மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து வாங்கி வந்து ஒட்டியது. கொஞ்சம் சாய்ந்து போய்விட்டது என்று அன்றே அவளை நான் கேலி செய்தேன். "முருகன் உன்னைப் பாத்துத் திரும்பிட்டாருடா" என்றாள்.

அக்கா போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் கொண்டுபோனோம். அத்தான் ஓட்டினார், நடுவில் அக்கா, ஓரத்தில் நான். வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, மெதுவாகப் போகச் சொல்லி அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர். நடு இடத்தில் அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்ததில்லை. அவர் ஒரு துண்டை மடித்துப் போட்டு வைத்திருந்தார். இதையெல்லாம் நான் மாயாபுரியில் நினைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

பத்து நாளும் சால்வையைப் போர்த்திக்கொண்டு விடிவதற்கு முன் இறங்கிப் போய்க் கம்பியை உருவினேன். முதல் நாள் கோட்டில் நின்றது. இரண்டாம் நாளும் கோட்டில் நின்றது. பத்தாம் நாளும் அதே கோடு. ஒரு நூல் குறையவில்லை.

இந்த வயசில் ஒரு எஞ்சின் நூலளவுகூடக் குறையாமல் இருக்குமா என்று அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. என் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. வண்டி குடிக்கவில்லை என்றால் இத்தனை நாள் நான் வாங்கிக் கொடுத்த கேன்களெல்லாம் எங்கே போயின? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி எனக்குள் ஒரு சூடு ஏறியது.

எங்கள் குடும்பத்தில் அக்கா புருஷனை நிற்கவைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். என் அப்பாவே அவர் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். தமிழில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தியில் கேட்டேன். ஆயில் எங்கே போயிற்று என்பதை, மண்டியில் கூலியாளைக் கேட்பதைப் போல, அதே தோரணையில்.

"தோ பிர் தேல் கஹான் கயா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு இந்தி தெரியாது என்று நினைத்துக் கேட்டதல்ல. தெரியும் என்றுதான் கேட்டேன். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்ததும் நினைவிருக்கிறது. பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சாவியை எடுத்து பானெட் மேல் வைத்தார்.

"சரி மாப்ள" என்றார்.

மறுநாள் திருநெல்வேலிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. மாடியிலிருந்து பையோடு இறங்கியவர் வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"ஆயில மட்டும் தெனமும் பாரு."

எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? குறையாத வண்டி. நானே ஓட்டினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, துவாரகா போகும் வழியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி பழசு, வயர் பழசு, விளக்கு தானாக எரிகிறது என்று ஓட்டிக்கொண்டே போனேன். அடுத்த சிக்னல் தாண்டும்போது இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். வண்டி ஒரு தரம் உதறி நின்றது. கம்பியை உருவினேன். நுனியில்கூட ஆயில் இல்லை.

மாயாபுரிக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மிஸ்திரி பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே பிஸ்டன் ரிங் எப்போதோ தேய்ந்து போய்விட்டது, மாதக்கணக்காக ஆயில் எரிந்துகொண்டிருக்கிறது, இப்போது ஆயிலே இல்லாமல் ஓட்டி எஞ்சின் இறுகிவிட்டது என்றார். பத்து நாள் குறையவே இல்லையே என்றேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"யாரோ ஊற்றியிருக்கிறார்கள்" என்றார்.

சீட்டைச் சாய்த்துப் பின்னால் கைவிட்டேன். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிச் செய்த ஒரு புனல் இருந்தது. அக்காவின் பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு காலி கேன். நான் வாங்கிக் கொடுக்கும் கம்பெனி கேன் இல்லை, அவரே வாங்கியது. பக்கவாட்டில் ஆயில் தெரியும் அந்த வெள்ளைப் பட்டையில் ஆணியால் கோடுகள் கீறியிருந்தார். எண்ணினேன். பத்து. ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில். துவாரகாவில் கடைசிக் கடையில் சரக்கை இறக்கிவிட்டு, தினமும் குறைந்ததைக் குறைந்தபடி ஊற்றியிருக்கிறார். நான் கண்டுபிடிக்க நினைத்த அளவு அந்தக் கேனில் சுத்தமாக எழுதியிருந்தது. காயலான் கடை என்று நான் சொன்னதற்காக வண்டியைக் காப்பாற்றியிருக்கிறார். திருடன் என்று நான் நினைத்தபோதும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும்.

புனலைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி அவிழ்த்த லாரிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். மிஸ்திரி டீ சொல்லி அனுப்பினார். வெட்கத்தில் அதைக் குடிக்கவும் முடியவில்லை. அன்று மாலையே வண்டியை அங்கேயே உடைக்கப் போட்டுவிட்டு மெட்ரோவில் வீடு வந்தேன். அதை மறுபடி பார்க்கக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

அத்தானுக்குப் போன் செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அவர் குரல் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"வண்டி ஓடுதா மாப்ள?"

"ஓடுது அத்தான்."

"ஆயில் பாக்கியா?"

"பாக்கேன். குறையவே இல்ல."

அந்த எஞ்சின் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் போய்ச் சொல்கிறேன்.

பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"உங்க அக்கா ஒட்டின படத்தையாவது கழட்டி எடுத்துக்கிட்டியா?"

நான் எடுத்திருக்கவில்லை.