மாஸ்டருக்கு வயிற்றுவலி

சமையல்காரனுக்கு முழங்கால் வலிக்கலாம், முதுகு வலிக்கலாம். வயிறு மட்டும் வலிக்கக் கூடாது. வலித்தாலும் வெளியே மூச்சு விடக் கூடாது. அலுவலகக் கான்டீன் மாஸ்டர் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். "மாஸ்டருக்கே வயித்துக் கோளாறாம்" என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், மறுநாள் கான்டீன் காற்றாடும். இந்த வயதில் வேறு எந்த அடுப்பு அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

ஆகவே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்து, பிசைந்து, முதுகு வரை இழுத்த வலிக்கு வாய்வு என்று பேர் வைத்துவிட்டார். பேர் வைத்தவர் சும்மா இருப்பாரா, மாதக்கணக்கில் வளர்க்கவும் செய்தார். வலி வந்தால் சாமான் அறைக்குள் போய் வெங்காய மூட்டைமேல் குனிந்து உட்கார்ந்துகொள்வார். யாராவது எட்டிப் பார்த்தால், "சரக்கு எண்ணிக்கிட்டிருக்கேன், போங்கப்பா" என்று எரிந்து விழுவார். அங்கே இருந்ததே அந்த ஒரு மூட்டைதான்.

வீட்டுக்காரி ஏமாறுகிற ஆள் இல்லை. "சட்டை தொளதொளன்னு தொங்குது. முகம் வெளுத்துக் கிடக்கு. டாக்டர்கிட்ட வாங்க" என்று நச்சரித்தாள். "வயசானா இளைக்கத்தான் செய்யும்" என்று இவர் தத்துவம் பேசினார். ஒருநாள் காலை மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. தத்துவம் பறந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த நிலைமையிலும் ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார். தெரிந்தவன் எவனாவது பார்த்துவிட்டால்?

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் டாக்டர். அவர் மகளைவிடச் சின்னவள்.

"ஆபீஸ்ல... ஃபைல் வேலை."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மதியச் சாப்பாடு?"

"அங்கேயே, கான்டீன்ல."

"முதல்ல அதை நிறுத்துங்க. என்ன எண்ணெயோ, என்னைக்குப் பண்ணினதோ!"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. உயிர் போனால் போகட்டும், என்ன எண்ணெயோ என்று கேட்டுவிட்டாளே! "என் கான்டீனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்கம்மா! எல்லாம் புது எண்ணெய். நான் சமைச்சதைச் சாப்பிட்டு எனக்கு வலி வர வாய்ப்பே இல்ல. நான்தான் அதைத் தொடறதே இல்லையே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ என்னதான் சாப்பிடறீங்க?"

"டீ. முட்டி வலிக்கு மாத்திரை. அப்புறம் டீ."

"வெறும் வயித்துலயா? யார் எழுதிக் குடுத்த மாத்திரை?"

"மருந்துக் கடைக்காரர். தங்கமான மனுஷன்."

"சமைக்கும்போது ருசியாவது பார்ப்பீங்களா?"

"எரியுதும்மா. அதையும் விட்டுட்டேன்."

வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மாஸ்டர் பயந்து செத்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவே?" என்றார்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுவேன். உங்களுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் பாருங்க" என்றவள், சொன்ன கையோடு அழுதுவிட்டாள்.

நல்லகாலம், புண்தான். அந்த மாத்திரை அரித்ததில் ரத்தம் கசிந்திருந்தது. சதைத் துணுக்குச் சோதனையிலும் கெட்டது எதுவும் இல்லை. அந்த மாத்திரையை இனிக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது, வேறு மாத்திரை எதுவானாலும் கேட்காமல் விழுங்கக் கூடாது, காலையில் சாப்பாட்டுக்கு முன் புண்ணாற மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்கதோஷத்தில் ருசி பாராமலே சமைத்து இறக்கிவிட்டு, மாஸ்டர் திருடன் மாதிரி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேஜையில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது. கணக்குப் பிரிவு அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், உப்பா?"

"அய்யய்யோ, கரிக்குதேம்மா! இன்னிக்கு மட்டும் எப்படி..."

"இன்னிக்கா? அஞ்சாறு மாசமா இப்படித்தான்."

"ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"வயித்தைப் பிடிச்சிக்கிட்டு வெங்காய மூட்டைமேல சுருண்டு கிடக்கிற மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது? ஆளாளுக்குத் தண்ணியைக் குடிச்சிட்டுச் சாப்பிட்டோம்."

மாஸ்டர் கூடத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் நிறைந்து வழிந்தது. குழம்பைச் சரிபண்ணத் துடித்து எழுந்தார்.

"உட்காருங்க மாஸ்டர்" என்று அந்த அம்மா அதட்டினார். "முதல்ல நீங்க சாப்பிட்டு முடிங்க."