குழந்தைசாமியின் ஃபியட் கைமாறிய காலை

குழந்தைசாமியின் இடது முன்கை கோணலாக இருக்கும். நர்ஸாக அவரைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாள், குளிப்பாட்டும்போதே கவனித்தேன். முறிந்து, சரியாகச் சேராத எலும்பு. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தக் கைதான்.

அது காருக்காக முறிந்த கை. 1964 மாடல் ஃபியட். ஆலங்குடி முந்திரி வியாபாரி ஒருவர் புதிதாக வாங்கியது. குழந்தைசாமி அதற்கு டிரைவர். பிள்ளையில்லாத முதலாளி சாவதற்கு முன் வண்டியை டிரைவர் பெயருக்கு மாற்றினார். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, தானே ஏறி ஓட்டி நசுக்கினார். கொடுப்பவர் கையால் நசுங்கினால்தான் வண்டி கைமாறியதாக அர்த்தம் என்பார் குழந்தைசாமி.

மறுநாள் முதலாளியின் தம்பி ஆட்களோடு வந்து சாவி கேட்டார். குழந்தைசாமி சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டார். ஜாக்கி லிவரால் அடித்தார்கள். கை முறிந்தது, இரண்டு பல் விழுந்தது, வாய் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு, மெக்கானிக் ஷேக் பரீதுதான் சாவியை ரத்தத்தோடு வெளியே எடுத்து, அதே வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அந்த ஃபியட்டைக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஓட்டித்தான் குழந்தைசாமி குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் படுத்ததும் மகன் சிவபிரகாஷ் வண்டியை விற்க ஒரு விடுதிக்காரரிடம் பேசி முடித்தான். எஞ்சினைக் கழற்றிவிட்டு, விடுதி வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தி, பானட்டுக்குள் பூச்செடி வைப்பார்களாம். குழந்தைசாமி அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரம் ஷேக் பரீதை வரவழைத்து, வண்டியை அவர் பெயருக்கு மாற்றும் பாரத்தில் இடது பெருவிரலை வைத்தார். பாக்கி, எலுமிச்சம்பழம்.

"எனக்கு இதெல்லாம் வேணாம்ண்ணே. ஒங்களுக்காக வைக்கிறேன்" என்று சிரித்தபடி நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பழம் வைத்தார் பரீது. இருவருமாக அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம்.

சிவபிரகாஷ் கடப்பாரையோடு வந்தான். முதல் அடி பரீதின் தலையில். காதுக்கு மேலே நான்கு விரல்கடை கிழிந்தது. என் துண்டை மடித்து அழுத்திப் பிடித்தேன். அடுத்த அடியில் முன்கண்ணாடி நொறுங்கி, சில்லுகள் குழந்தைசாமியின் நெற்றியில் ஏறின.

"வலது காலே வெளங்கல, வண்டி ஓட்டப் போறாராம்! ஏத்துங்க பாப்போம்!" என்று, ஒரு முன்சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவில் தன் பாதத்தை வைத்தான்.

"கால எடுறா" என்றார் குழந்தைசாமி. குழறல்தான், ஆனால் புரிந்தது.

"மாட்டேன்."

ஆக்ஸிலேட்டர் மிதிக்கக் கால் வேண்டும். ஆனால் கியரில் கிடக்கும் வண்டி, சாவியைத் திருகி செல்ஃப் ஸ்டார்ட்டர் அடித்தாலே முன்னால் எம்பும். சிவபிரகாஷ் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. குழந்தைசாமி கோணல் கையால் முதல் கியரைப் போட்டார். அதே கையால் சாவியைத் திருகினார். வண்டி எம்பியது. மூன்று பழம் நசுங்கியது. நான்காவது சக்கரம் மகனின் பாதத்தில் ஏறி நின்றது. எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும்.

அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு அலறினான்.

"பின்னாடி தள்ளுவோம் நர்ஸம்மா, பிடிங்க!" என்றார் பரீது.

"பின்னாடி கூடாது. குடுத்தது திரும்பக் கூடாது" என்றார் குழந்தைசாமி. மறுபடி சாவியைத் திருகினார். சக்கரம் பாதத்தைக் கடந்து நான்காவது பழத்தில் இறங்கியது.

பிறகு எல்லாம் வேலைதான். இரண்டு அட்டையை வைத்துக் காலைக் கட்டினேன். பரீதின் தலையிலும் கட்டுப் போட்டேன். குழந்தைசாமியைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்தினோம். சிவபிரகாஷைப் பின்சீட்டில் படுக்க வைத்து, பரீது ஓட்ட, கண்ணாடியில்லாத வண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். காற்று முகத்தில் அறைந்தது.

"இந்த வண்டியில வரமாட்டேன். நிப்பாட்டச் சொல்லுப்பா!" என்று கத்தினான் அவன்.

குழந்தைசாமி திரும்பிப் பார்க்கவில்லை. "பரீதுகிட்டக் கேளு" என்றார். "வண்டி அவருது."