கதிரேசன் என்று கூப்பிடாதீர்கள்

மைதானம் அதிர ‘கதிரேசா! கதிரேசா!’ என்று கத்துகிறீர்களே... அது என் பெயர் அல்ல. செத்துப்போன என் தம்பியின் பெயர். நான் அதைத் திருடினேன்!

என் பெயர் பரமன். உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். காய்ச்சலில் கிடந்தவனை ஜீப்பில் ஏற்றி மலையிறங்கும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். சாவைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருடம் பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணிக்குத் தேர்வு. எனக்குப் பதினேழு ஆகியிருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து தம்பியின் ஜனன சர்ட்டிபிக்கேட்டை எடுத்தேன். அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அவனோடதுய்யா... வச்சிரு.”

“அவனுக்கு இனிமே எதுக்கும்மா?”

கையை விட்டுவிட்டாள். அப்படிக் கேட்ட இந்த வாயை என்ன செய்தால் தகும்? சொல்லுங்கள்!

எங்களைத் தெரியாத ஊர் வேண்டுமென்று வண்டிப்பெரியாருக்குக் குடிபோனோம். அங்கே முதன்முதலாக என்னைக் ‘கதிரேசா’ என்று கூப்பிட்டுவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். எனக்குக் கேட்டது. மட்டையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிவீர்கள்... இந்திய அணி, மட்டையில் சதம், பந்தில் விக்கெட். ‘இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார்’ என்று வர்ணனையாளர் புகழ்ந்தார். டி.வி.யை அணைத்துவிட்டேன்.

இப்போது முழங்கால் காட்டிக்கொடுக்கிறது. அணியின் மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்க்கிறார், என் வயது எழுதிய தாளைப் பார்க்கிறார், திரும்பவும் படத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை... என்றைக்குக் கேட்பார்?

போன மாதம் அம்மா, தம்பியைப் புதைத்த இடத்தில் பெயர் வெட்டிய கல் ஒன்று வைக்க வேண்டும் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். எவனாவது படம் எடுத்துப் போட்டுவிட்டால் என் கதை முடிந்ததே!

அம்மா என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அவனுக்குத்தான் கல்லுல பேரு இல்லன்னு ஆக்கிட்ட. நாளைக்கு நீ போனா, ஒனக்கு என்ன பேருய்யா எழுத... பரமா?”

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்தேன்... பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று!

நாளை மறுபடியும் ஆட்டம். நீங்கள் அவனைக் கூப்பிடுவீர்கள். நான் கையை உயர்த்துவேன்.