முதுகு காட்டும் வெர்னா

வெர்னா கோவாச் வாயைத் திறந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம், கனடாவில் கேட்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது பொய். ஆனால் பேஸ்பால் மைதானத்தில் அவள் உட்காரும் இடத்திலிருந்து பந்து எறிய முறை காத்திருக்கும் மாற்று பிட்சர்கள் கை சூடேற்றும் கம்பிக் கூண்டு வரைக்கும் நன்றாகவே கேட்கும். அதற்காகத்தான் அந்த சீட்டை வருடா வருடம் விடாமல் பிடித்து வைத்திருந்தாள். முதல் வரிசை, கூண்டை ஒட்டி. பக்கத்து சீட்டு என்னுடையது. என் வலது காது மந்தமானது அப்படித்தான்.

குளிர்காலத்தில் அவள் பனி வாரும் லாரி ஓட்டுகிறாள். பாதி ரோட்டை வாரிவிட்டு வீட்டுக்குப் போன வழக்கமே அவளுக்கு இல்லை. கோடையில் அவளுக்கு இருந்தது நாரைகள் மட்டும்தான். நாரைகள் என்பது எங்கள் ஊர் அணி. ஓஹாயோ மாநிலத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத அணி. அதில் முதல் பிட்சர் ஏழு இன்னிங்ஸ் உயிரைக் கொடுத்து எறிந்து, எங்களை முன்னிலையில் விட்டுவிட்டுப் போய் உட்காருவான். மிச்சமுள்ள இரண்டு இன்னிங்ஸை முடித்துக் கொடுக்க மாற்று பிட்சர்கள் வருவார்கள். முடித்துத்தான் கொடுத்தார்கள், எதிரணிக்கு.

அடி வாங்கித் தோற்றால் வெர்னா பொறுத்துக்கொள்வாள். பயந்து பயந்து ஓரமாகவே எறிந்து, நான்கு பந்தையும் வீணாக்கி, மட்டைக்காரனை ஓசியில் முதல் மூலைக்கு நடந்துபோக விடுவதைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

"அடிச்சா அடிச்சிட்டுப் போறான், நடுவுல போட்டுத் தொலைங்கடா! பின்னாடி ஏழு பேரு கையுறை மாட்டிக்கிட்டு எதுக்கு நிக்கிறானுங்க, வெயில் காயவா?"

அப்படி ஒருவன் நடந்துபோன மறுநிமிடம் அவள் எழுந்து ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பாள். இன்னிங்ஸ் முடிகிற வரை திரும்பமாட்டாள். போன கோடையில் கைக்கு வந்த ஆட்டங்களை எல்லாம் இவர்கள் தாரை வார்த்ததில் எங்களுக்கும் வெறுத்துப்போனது. முதலில் நான் அவளோடு எழுந்து நின்றேன், அப்புறம் எங்கள் வரிசை, அப்புறம் எங்கள் பக்கம் முழுக்க. உள்ளூர் டிவியில் இருநூறு முதுகுகளைக் காட்டினார்கள். அணியின் மானேஜர் பிரெஸ்காட்டுக்கு மானம் போய்விட்டது. மாற்று பிட்சர்களைப் பார்த்துப் போகாத மானம், எங்கள் முதுகைப் பார்த்துப் போனதாம்.

அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"வெர்னா, பசங்க மனசு ஒடைஞ்சு போறாங்க. இன்னொரு தடவை திரும்பி நின்னீங்கன்னா அடுத்த வருஷம் அந்த சீட்டு உங்களுக்கு இல்ல. சமாதானமாப் போயிடலாம். கடைசி ஆட்டத்துக்கு நீங்களே வந்து மரியாதைப் பந்து போடுங்க. கோல்பி பிடிப்பான், கை குலுக்குங்க. என்ன சொல்றீங்க?"

கோல்பி டானர்தான் எங்கள் கடைசி இன்னிங்ஸ்காரன். அவள் வாயில் அதிகம் அரைபட்டவனும் அவன்தான்.

"அவன் யாரையும் நடக்க விடாட்டி நான் எதுக்குத் திரும்பப் போறேன்?" என்றாள் வெர்னா.

பிரெஸ்காட் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனுஷனுக்கு அவ்வளவுதான் விவரம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் மரியாதைப் பந்து போடுகிறவர்கள் புல்லில் பாதி தூரத்தில் நின்று ஒரு பந்தை எறிந்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போவார்கள். வெர்னா பிட்சர் நிற்கும் மேட்டுக்கே ஏறிப் போனாள். எறிந்தாள். பந்து வழியிலேயே தரையில் குத்தி, உருண்டு, கோல்பியின் காலடியில் போய் நின்றது.

எங்கள் பக்கம் சும்மா இருக்குமா? "மாத்து! ஆளை மாத்து!" என்று இருநூறு பேர் கத்தினோம். நான்தான் முதலில் ஆரம்பித்தேன். எத்தனை வருஷத்துக் காது வலி!

கோல்பி பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி மேட்டுக்கு வந்தான். போட்டோக்காரனும் வந்தான்.

"என்னம்மா, கூண்டுலேர்ந்து வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"பந்தைக் குடுடா."

"ஒண்ணுதாம்மா கணக்கு."

"குடுத்துட்டுப் போய் உக்காரு. முடிக்காம எறங்கமாட்டேன்."

பிரெஸ்காட் கையைக் காலை ஆட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை. இரண்டாவது பந்து ஆமை வேகத்தில் போனது, ஆனால் நட்டநடுவில் போனது. கோல்பியின் கையுறையில் டப்பென்று விழுந்தது. அவள் இறங்கி வந்து அவன் கையைக் குலுக்கினாள்.

"பாத்தியா? நடுவுல."

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். கோல்பி வந்தான். முதல் ஆளை நடக்க விட்டான். இருநூறு தலைகளும் வெர்னா பக்கம் திரும்பின. அவள் எழவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஆளும் நடந்தான். அவள் முகம் சிவந்துவிட்டது. மேலே அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் பிரெஸ்காட் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளும் நடந்தான். மூன்று மூலையிலும் ஆள், ஒருவனும் அவுட் இல்லை. இன்னும் ஒருவன் நடந்தால் ரன் கணக்கு சமமாகிவிடும்.

வெர்னா எழுந்தாள். நான் அவள் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"வேணாம் வெர்னா. சீட்டு போயிடும்."

"வாயப் பொத்திக்கிட்டுப் பாக்கறதுக்கு எனக்கு எதுக்குடா சீட்டு, டேல்? வீட்டுல சோஃபா இருக்கு."

திரும்பி நின்றாள். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை கோபம், அத்தனை பெருமை. ஆனால் நான் கோழை. உடம்பைத் திருப்பிக் கழுத்தை மட்டும் ஆட்டத்தின் பக்கமே வைத்திருந்தேன்.

அதனால் நான் பார்த்தேன். கோல்பி எங்கள் முதுகுகளை ஒரு நிமிடம் முறைத்தான். அடுத்த ஆளுக்கு மூன்று பந்து, மூன்றும் நேராக, ஒன்றும் மட்டையில் படவில்லை. அவுட். அதற்கு அடுத்தவனுக்கும் நடுவில் போட்டான். அவன் ஓங்கி அடித்தான். பின்னால் நின்றவன் எகிறிப் பிடித்து, மூலையை விட்டு ஓட ஆரம்பித்திருந்தவன் அதற்குத் திரும்புவதற்குள் பந்தை அங்கே எறிந்தான். ஒரே அடியில் இரண்டு பேர் காலி. மொத்தம் மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டோம்.

மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்த நம் ஊர்க் கூட்டம் சந்தோஷத்தில் அலறியது. கோல்பி எங்கள் வேலிக்கே ஓடி வந்துவிட்டான்.

"அம்மா! முடிஞ்சிருச்சு! இப்பத் திரும்பலாம்!"

வெர்னா திரும்பினாள். "மூணு பேரை நடக்க விட்டியே, அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

படியில் பிரெஸ்காட் எங்களுக்காகக் காத்திருந்தார். ஜெயித்த சந்தோஷம்கூட அந்த முகத்தில் இல்லை.

"வெர்னா, சொன்னா சொன்னதுதான். அடுத்த வருஷம்..."

"தெரியும். யாருக்கு வேணாலும் குடுத்துக்குங்க. வாய் இருக்கறவங்களாப் பாத்துக் குடுங்க."

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். அவள் லாரிக் கதவைத் திறந்துவிட்டு நின்றாள்.

"டேல், நீ திருட்டுத்தனமாப் பாத்திருப்பே. எப்படிடா போட்டான்?"

"நட்டநடுவுல."

அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"சரி, சீட்டை ஏன் விட்டே?" என்றேன். "கொஞ்சம் பொறுத்திருந்தா அவனே முடிச்சிருப்பான்ல? முடியும்னுதான் இப்பத் தெரிஞ்சு போச்சே."

"எனக்கு எப்பவுமே தெரியும்டா," என்றாள். "முடியாதவன்னா நான் எதுக்குத் திட்டப்போறேன்?"