வாசலில் கழற்றிய சப்பாத்து

அப்பாவின் மண்ணிறச் சப்பாத்தை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். டெனிஷ் நாட்டின் தலைநகரில் ஒரு சிறிய யூத செபக்கூடம், பெயர் வேண்டாம். காவலாளி யாரோ ஒருவரின் பையைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். சாமி இருக்கும் இடத்துக்குள் சப்பாத்தோடு போகக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், மிரட்டல்கள் வந்துகொண்டிருக்கும் ஒரு செபக்கூடத்தின் வாசலில் ஆளில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. காவலாளி எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிக் கத்தினான். அப்பா, அங்கே ஆண்கள் போடவேண்டிய, ஆனால் தலையில் நிற்காத குல்லாவை ஒரு கையால் பிடித்தபடி வெளியே வந்து, தன் அரைகுறை டெனிஷில், "அது வெடிக்காது தம்பி, மணக்க மட்டும்தான் செய்யும்" என்றார். அன்றிலிருந்து அப்பா வரும்போதெல்லாம் அந்தக் காவலாளி சப்பாத்தை வாங்கித் தான் உட்காரும் கதிரைக்குக் கீழே வைத்துக்கொள்வான்.

அப்பா ஹேர்னிங் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாத சைவர். நான் யூதனாக மாறப் போகிறேன் என்றதும், "அவங்கள் உன்னைப் பட்டினி போடமாட்டாங்களே?" என்று மட்டும்தான் கேட்டார். மாற வருகிறவனை மூன்று தரம் திருப்பி அனுப்புவது ரப்பிமாரின் பழைய வழக்கம். ரப்பி என்றால் அவர்களுடைய மதகுரு. எங்கள் ரப்பியும் வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தரமும் அப்பாதான் ஹேர்னிங்கிலிருந்து என்னைக் காரில் ஏற்றி வந்து, ஒவ்வொரு தரமும் திட்டினார். "வாறவனைத் துரத்திற கோயிலும் ஒரு கோயிலோ? எங்கட முருகன் ஒருக்காலும் அப்பிடிச் செய்யான்." பிறகு ஒரு காலையில் அவரே வந்து என் கதவைத் தட்டுவார். "வெளிக்கிடு, நேரம் போகுது."

என்னை இழுத்தது ஒரு விதி. மாறி வந்தவனுக்கு அவனுடைய பழைய பிறப்பை நினைவூட்டி நோகடிக்கக் கூடாது என்கிறது அது. யாரைக் கண்டாலும் "ஊரில எவடம்?" என்று கேட்டு, அந்தப் பதிலுக்குள் சாதியைத் துழாவும் கூட்டத்தில் வளர்ந்தவன் நான்.  அதனால் அந்த விதியை வாசித்த அன்று அழுதேன். ஆனால் விதி புத்தகத்தில்தான் இருந்தது.

மாறிய பிறகு எல்லோருக்கும் என்னிடம் ஒரு வழக்கு இருந்தது. வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில், தட்டில் பன்றி வறுவல் பளபளக்க, யூதர் மிருகத்தை அறுக்கும் முறை எவ்வளவு கொடூரம் என்று எனக்கு விளக்கினார்கள். இன்னொருவன் வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு, "உனக்கு ஆண்பிள்ளை பிறந்தால் முன்தோலை வெட்டுவாயா?" என்று கேட்டான். அயல்வீட்டுக்காரர், தூரத்து யூத நாடு நடத்தும் ஒரு போருக்கே என்னிடம் கணக்குக் கேட்டார். ஒருவருக்கும் பதில் தேவைப்படவில்லை. கடவுளைப் பற்றிய இந்தப் பேச்சுகளில் கடவுளுக்கு ஒரு கதிரைகூடக் கிடையாது. அப்பா சொல்வார்: "கடவுள் நல்லவர்தான் மோனை. பக்கத்தில நிக்கிறவங்கள்தான் சரியில்லை."

போன மாசியில் அப்பா இறந்தார். உடல் ஆஸ்பத்திரியில் கிடக்க, அக்காவின் வீட்டு வரவேற்பறையில் வழக்கு ஆரம்பமானது. சிதை இல்லாத இந்த நாட்டில், தகன அறையின் பொத்தானை மகன் அமத்துவதுதான் கொள்ளி. எங்கள் சைவக் கோயில் தலைவர் தேத்தண்ணியை உறிஞ்சியபடி, "வேதத்துக்குப் போனவன் கொள்ளி வைக்கேலாது" என்றார். வேதம் என்றால் கிறிஸ்தவம்; யூதனும் கிறிஸ்தவனும் அவருக்கு ஒன்றுதான். "மருமோன் அமத்தட்டும்."

யூத முறையிலோ பிணத்தை எரிப்பதே தவறு. ரப்பிக்குத் தொலைபேசினேன்.  "எரி என்று என்னால் சொல்ல முடியாது. உன் தகப்பனைத் தனியே விடு என்றும் சொல்ல மாட்டேன்" என்றார். செபக்கூட நிர்வாகி ஒருவர், விஷயம் அறிந்து, நான் கேட்காமலே அழைத்தார். "நீ ஏன் குழம்புகிறாய்? மாறியவன் புதிதாய்ப் பிறந்த பிள்ளை. உனக்கு இப்போது ஆபிரகாம்தான் தகப்பன். இறந்துபோனவர் உனக்கு யாருமில்லை."

யாருமில்லை. நோகடிக்காதே என்று எழுதிவைத்த அதே மார்க்கத்தை வைத்துக்கொண்டு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்தேன். 

அடுத்த நாள் தகன அறையில் கோயில் தலைவர் அத்தானை முன்னால் தள்ளினார். அத்தான் நகரவில்லை. "மாமா உன்னைத்தான் எல்லா இடமும் ஏத்திக்கொண்டு திரிஞ்சவர். நீ போ" என்றார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ப் பொத்தானை அமத்தினேன். பின்னால் யாரோ காறிச் செருமினார்கள்.

அந்தக் கிழமையே செபக்கூடத்துக்குப் போனேன். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் செபத்தைப் பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். காரை நிறுத்திவிட்டு, பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் இறங்கினேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். துக்க நாட்களில் தோற் சப்பாத்து ஆகாது என்பது அவர்களுடைய சட்டமும்தான்.

அதே நிர்வாகி ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றார். என் காலைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "சப்பாத்தைப் போடு. இது உங்கள் இந்துக் கோயில் இல்லை."

"எங்கட அப்பாவுக்குத் துக்கம் காக்கிறன்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு டெனிஷில் கேட்டேன்: "எத்தனை பேர் எண்ணினீர்கள்?"

 ஒன்பது பேர்தான் இருந்தார்கள். தகப்பனில்லாதவனின் தலையும் அவருக்குத் தேவையாக இருந்தது. நான் காலுறையோடு நடந்துபோய், பத்தாவது ஆளாக நின்று, அப்பாவின் பெயரை நினைத்துக் கதீஷ் சொன்னேன். அவரும் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது வாசலில் என் சப்பாத்தைக் காணவில்லை.  காவலாளி எழுந்து, தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினான்.